“எங்கள் கம்பெனியில் அடிமை யாருமில்லை, பையர் ஏன் கேட்கிறார்?”

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் அப்பா காலத்துப் பனியன் கம்பெனி. 140 பேர் வேலை பார்க்கிறார்கள், அதில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் ஆட்கள். பல வருஷமாக ஆர்டர் தரும் லண்டன் பையர் இந்த முறை ‘நவீன அடிமைமுறை’ என்ற தலைப்பில் 62 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். அதற்கு ஒரு வக்கீல் கேட்ட ஃபீஸைப் பார்த்து மலைத்துப்போய், “ஆடிட் கன்சல்டன்ட் போதாதா? எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்து அனுப்பினால் என்ன?” என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “நாங்கள் யாரையும் கட்டிப்போட்டு வேலை வாங்கவில்லை.” உங்கள் மனத்தில் உறுத்துவது அந்த வரிதான் என்று நினைக்கிறேன். ஊரறியத் தொழில் நடத்தும் குடும்பத்தை எதற்கு இப்படி விசாரிக்கிறார்கள் என்ற வருத்தம் அது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் கோவையில் பத்தொன்பது வருஷமாக வக்கீலாக இருக்கிறேன். முதல் எட்டு வருஷம் தொழிலாளர் நீதிமன்றத்தில் நிர்வாகத் தரப்புக்காக நின்றேன். அதன்பின் மில்களுக்கும் பனியன் கம்பெனிகளுக்கும், சில சமயம் அவர்களிடம் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கும், இந்த விஷயத்தில் ஆலோசனை சொல்வதே என் வேலையாகிவிட்டது. உங்களைப் போன்றவர்கள் முதல் நாள் வந்து சொல்லும் வார்த்தை பெரும்பாலும் இதேதான்: “எங்களிடம் அடிமை யாரும் இல்லை, மேடம்.” பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. அடிமை என்றதும் அவர்கள் கண்முன் சங்கிலியும் சவுக்கும் வருகின்றன. சட்டம் பார்ப்பது வேறொன்றை.

இது வெள்ளைக்காரன் புதிதாகக் கண்டுபிடித்து நம் தலையில் கட்டிய சமாச்சாரம் என்று ஒரு பேச்சு திருப்பூரில் உண்டு. அது தவறு. நம் அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு முதல் நாளிலிருந்தே கட்டாய உழைப்பைத் தடை செய்கிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. பிரிட்டனில் நவீன அடிமைமுறைச் சட்டம் வந்தது 2015இல்தான். நம் சட்டத்தின்படி, முன்பணமோ வேறு கடப்பாடோ காரணமாக ஒருவர் கூலியின்றி உழைத்தால், அல்லது பெயரளவுக் கூலிக்கு உழைத்தால், அல்லது வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தையோ விருப்பம்போல் வெளியே போய்வரும் சுதந்திரத்தையோ இழந்தால், அது கொத்தடிமை. பெயரளவுக் கூலி என்றால் என்ன என்பதற்கும் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது: அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே தருவது. 1982இல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில் நீதிபதி பகவதி இன்னும் ஒரு படி மேலே போனார். வறுமையின் நெருக்கடியால் ஒருவர் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை செய்யச் சம்மதித்தால், அதுவும் 23ஆவது பிரிவு சொல்லும் கட்டாய உழைப்புதான் என்று தீர்ப்பளித்தார். “அவராகத்தானே வந்தார், நாங்களா இழுத்துவந்தோம்?” என்ற வாதம் அன்றோடு முடிந்துபோனது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பழைய சட்டங்கள் பலவற்றை விழுங்கிவிட்டன. 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை அவை தொடவில்லை, அது அப்படியே நிற்கிறது.

லண்டன் பையர் ஏன் உங்களைக் கேட்கிறார் என்பது அடுத்தது. ஆண்டு விற்பனை 3 கோடி 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போகும் கம்பெனிகள், தங்கள் தொழிலிலும் தங்களுக்குச் சரக்கு வந்து சேரும் பாதையிலும் அடிமைமுறை இல்லாமல் பார்த்துக்கொள்ள அந்த வருஷம் என்ன செய்தார்கள் என்று அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது அவர்கள் சட்டத்தின் 54ஆவது பிரிவு. இயக்குநர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளபடி சொன்னால், பல் இல்லாத பிரிவு அது. அறிக்கை விடாவிட்டால் அபராதம் கிடையாது, “ஒன்றும் செய்யவில்லை” என்று அறிக்கை விட்டாலும் சட்டப்படி சரி. அந்த ஒரு சட்டம் மட்டும் இருந்திருந்தால் உங்களுக்கு 62 கேள்விகள் வந்திருக்காது. பையரைப் பயமுறுத்துவது மற்றவை. பிரான்ஸ் 2017இலும் ஜெர்மனி 2023இலும் அறிக்கையோடு நிற்காமல் ‘கண்காணித்தே ஆக வேண்டும்’ என்ற கடமையைக் கொண்டுவந்தன. கட்டாய உழைப்பில் உருவான பொருளை ஐரோப்பியச் சந்தையில் விற்கவே கூடாது என்ற சட்டம் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகிறது. அமெரிக்காவில் அப்படியொரு தடை 1930ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்திலிருந்தே இருக்கிறது. 2022 ஜூலையில் அந்தச் சட்டத்தைக் கொண்டுதான் திண்டுக்கல் மாவட்ட ஆலை ஒன்றின் ஆடைகளைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்க அமெரிக்கச் சுங்கத் துறை உத்தரவிட்டது. அதற்கு முன்பே, அதே வருஷம் ஏப்ரலில், தொழிற்சங்கமும் ஆலை நிர்வாகமும் பெரிய பிராண்டு ஒன்றும் சேர்ந்து பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க ஒப்பந்தம் போட்டிருந்தன. அதன்படி நடந்த மாற்றங்களைக் காட்டிய பிறகு செப்டம்பரில் தடை தளர்ந்தது. கன்டெய்னர் துறைமுகத்தில் கிடப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கம்பெனிக்கு வருவோம். படிவத்தில் 62 கேள்வி இருந்தாலும் நான் எங்கே போனாலும் மனத்தில் வைத்துக்கொள்வது ஒரே கேள்விதான்: இவர் நாளைக் காலையில் “நான் ஊருக்குப் போகிறேன்” என்று சொன்னால் என்ன நடக்கும்? அவருடைய கணக்கு முடிந்து, அவருடைய பணத்தோடும் பையோடும் பஸ் ஏற முடியுமா? முடியும் என்றால் நம் கம்பெனியில் வேறு ஆயிரம் குறை இருக்கலாம், இந்தக் குறை இல்லை. முடியாது என்றால், ஏன் முடியாது என்று தேட வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அறிகுறிகள் என்று பதினொன்றைப் பட்டியலிட்டிருக்கிறது. ஏமாற்றி அழைத்துவருவது, கூலியைப் பிடித்துவைப்பது, கடனில் கட்டுவது, அடையாள ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்வது, நடமாட்டத்தைத் தடுப்பது என்று அது நீளும். எல்லாமே அந்த ஒரு கேள்விக்கு “முடியாது” என்று பதில் வருவதற்கான வெவ்வேறு காரணங்கள்தான்.

சந்தேகமே இல்லாத சில உண்டு. ஒடிசாப் பையன்களின் ஆதாரையும் ஏடிஎம் கார்டையும் “பத்திரமாக இருக்கட்டும்” என்று மேஸ்திரி வாங்கி வைத்திருந்தால் அது தவறு. உங்களுக்குத் தெரியாது என்பது பதிலாகாது. ஆளைப் பிடித்துத் தந்ததற்கு ஏஜென்ட் தலைக்கு இவ்வளவு என்று அவர்கள் சம்பளத்திலேயே பிடித்தால் அதுவும் தவறு. வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்துத் தர வேண்டும் என்பது இப்போதைய சம்பளச் சட்டம். “அடுத்த சனிக்கிழமை வா, அதற்கடுத்த சனிக்கிழமை வா” என்று இழுப்பதுதான் ஆளை நிறுத்திவைக்க நம் ஊரில் அதிகம் பயன்படும் கயிறு. இந்த மூன்றிலும் எந்த வக்கீலும் உங்களுக்கு வேறு அபிப்பிராயம் சொல்ல மாட்டார்.

சில விஷயங்களில் அபிப்பிராய பேதம் உண்டு. ஒன்றரை ஷிப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரைக்கு வந்து இரவு எட்டரைக்குப் போவது திருப்பூரில் ஊர் வழக்கமாகிவிட்டது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டுமென்று தொழிலாளர்களே விரும்பிக் கேட்கிறார்கள் என்பீர்கள். பல இடங்களில் அது உண்மை. கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் தராவிட்டால் அது சட்ட மீறல். ஆனால் சட்ட மீறல் எல்லாம் கட்டாய உழைப்பு ஆகிவிடாது. “இன்றைக்கு முடியாது” என்றவரை மறுநாள் கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்புகிறீர்களா என்பதில்தான் கோடு இருக்கிறது என்பது என் கருத்து. கோட்டை இன்னும் முன்னதாகவே போட வேண்டும் என்று சொல்லும் தொழிற்சங்க வக்கீல்கள் இருக்கிறார்கள். எட்டு மணி நேரச் சம்பளத்தில் குடும்பம் நடத்த முடியாதபோது விருப்பம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்கிறார்கள். 1982 தீர்ப்பைப் படித்தவர் யாரும் அந்தக் கேள்வியை லேசாகத் தள்ள முடியாது. தீபாவளி அட்வான்ஸும் இப்படித்தான். அட்வான்ஸ் கொடுப்பது குற்றமல்ல. அது தீராமல் வேலையை விட விடமாட்டோம் என்பது குற்றம். போகிறவரைப் போகவிட்டு, பாக்கியை வேறு வழியில் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். நான் ஆலோசனை சொல்லும் கம்பெனிகளில் அட்வான்ஸ் சீட்டிலேயே இதை எழுதி, தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டச் சொல்கிறேன்.

உங்கள் கம்பெனியைவிட எனக்குக் கவலை, நீங்கள் நூல் வாங்கும் மில். படிவத்தில் பாதிக் கேள்விகள் அதைப் பற்றியவைதான் என்று பார்க்காமலேயே சொல்வேன். சுமங்கலித் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தென்மாவட்டங்களிலிருந்து கல்யாணமாகாத பெண்களை மூன்று வருஷத்துக்கு மில் விடுதியில் வைத்து வேலை வாங்கி, கடைசியில் மொத்தமாக ஒரு தொகை தருவது. கேம்ப் கூலி என்பார்கள். 2011இல் நெதர்லாந்து அமைப்புகள் விரிவாக எழுதியதும் அந்தப் பெயர் மறையத் தொடங்கியது. பெயர் போன பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்ததை நான் நேரில் பார்த்தேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மில் என்னை வரச் சொன்னது. பெயரோ ஊரோ இங்கே வேண்டாம். பையரின் ஆடிட், அதாவது தொழிற்சாலைச் சோதனை, வருவதற்கு முன் காகிதங்களைச் சரிபார்த்துத் தர வேண்டும் என்பது வேலை. சம்பளப் பதிவேடு, வருகைப் பதிவேடு, வயதுச் சான்று எல்லாம் கச்சிதமாக இருந்தன. விடுதி கேட்டில் வாட்ச்மேன் மேஜைமேல் ஒரு நீளமான நோட்டு கிடந்தது, வெளியே போய்வருவோர் பதிவேடு. அதைப் புரட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் நாற்பது பெயருக்கு மேல் இருந்தது. எல்லோரும் பத்து மணிக்கு வெளியே போய், எல்லோரும் பன்னிரண்டரைக்குத் திரும்பியிருந்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் முதல் பெயருக்கு நேரே ‘கடை’, அதற்குக் கீழே கடைசிவரை மேற்படிக் குறி. கையெழுத்து அத்தனையும் வார்டனுடையது. ஞாயிற்றுக்கிழமை தவிர்த்த நாட்களில் பக்கங்கள் காலி. ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையில் மட்டும் ஒரு பெயர் எழுதி, ‘அக்கா கல்யாணம்’ என்று காரணமும் எழுதி, வரி முழுவதையும் அடித்திருந்தது.

விடுதிக்குள் அந்தப் பெண்ணைத் தேடிப் போகவில்லை. போயிருந்தால் அடுத்த நாள் அவளை விசாரித்திருப்பார்கள். பலரோடு பேசும் சாக்கில் உட்கார்ந்து, சாப்பாடு எப்படி, தண்ணீர் வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். விருதுநகர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி தானாகவே சொன்னாள்: “இன்னும் எட்டு மாசம் ஓட்டிட்டா மொத்தமா குடுத்துருவாங்க மேடம். இப்பப் போனா எல்லாம் போச்சு.” பதிவேட்டில் அவள் மாதச் சம்பளம் முழுதாக இருந்தது. அதில் ஒரு பகுதி ‘சேமிப்பு’ என்ற பெயரில் மில்லிலேயே நின்றது. மூன்று வருஷம் முடிக்காதவருக்கு அது கிடையாது. அன்பளிப்பு, ஊக்கத்தொகை என்று முதலாளி என்னிடம் வாதாடினார். அது அவள் ஏற்கனவே உழைத்துச் சம்பாதித்த கூலி, அதைப் பிடித்து வைத்திருப்பதுதான் அவளைக் கட்டிவைத்திருக்கிறது, 1976 சட்டப்படி உங்கள்மேல் வழக்கு நின்றால் அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் பக்கம் திரும்பும் என்று எழுத்தில் கொடுத்தேன். அவர் கெட்டவர் இல்லை. பெண்களின் பெற்றோரே “வெளியே விடாதீர்கள்” என்று கேட்டுக்கொண்டதாகச் சொன்னார், அதுவும் பொய்யில்லை. ஆனால் பதினெட்டு வயது முடிந்த பெண்ணைப் பூட்டிவைக்க அப்பா கொடுக்கும் அனுமதி செல்லாது. கடைசியில் விடுதியில் இருந்த எல்லோர் கணக்கிலும் சேமிப்புத் தொகையைப் போட்டார்கள், கேட் நேரமும் மாறியது. முன்பே பாதியில் போனவர்களில் இரண்டு வருஷத்துக்குள் போனவர்களுக்கு மட்டும்தான் என்னால் வாங்கித்தர முடிந்தது. அதற்கு முந்தையவர்களின் பணம் வரவேயில்லை. அந்தப் பேச்சுவார்த்தையில் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

“கன்சல்டன்ட் போதாதா?” என்று கேட்டீர்களே, நல்ல கன்சல்டன்ட்கள் இருக்கிறார்கள். தீயணைப்பான், வெளியேறும் வழி, ரசாயனக் கிடங்கு இவற்றில் அவர்கள் கண் என் கண்ணைவிடக் கூர்மை. ஆனால் ஒரு நாள் ஆடிட்டால் ஒரு நாளைத்தான் பார்க்க முடியும். 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, வாசல்கள் பூட்டு. சர்வதேசத் தரச் சான்றிதழ் அந்தத் தொழிற்சாலைக்குக் கிடைத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. சான்றிதழ் இருக்கிறது என்று யாராவது என்னிடம் நீட்டும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

வக்கீல் தேவைப்படும் இடங்கள் இரண்டு. ஒன்று, ரகசியம். வக்கீலிடம் ஆலோசனைக்காகச் சொன்னதை வெளியிடக் கட்டாயப்படுத்த முடியாது என்ற பாதுகாப்பு நம் சாட்சியச் சட்டத்தில் இருக்கிறது. கன்சல்டன்ட் அறிக்கைக்கு அது கிடையாது. உண்மையைத் தயங்காமல் தோண்டிப்பார்க்க இது உதவும். நடக்கிற குற்றத்தை மூடிமறைக்க உதவாது, அதற்காகக் கேட்டு வருகிறவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். இரண்டாவது, ஒப்பந்தம். படிவத்தின் கடைசிப் பக்கத்தை நன்றாகப் படியுங்கள். “எங்களிடமும் எங்களுக்குச் சப்ளை செய்யும் எவரிடமும் எவ்வகை நவீன அடிமைமுறையும் இல்லை என்று உறுதியளிக்கிறோம், மீறினால் பையருக்கு ஏற்படும் நஷ்டம் முழுவதையும் ஈடுசெய்வோம்” என்ற பொருளில் ஒரு பத்தி அநேகமாக இருக்கும். நீங்கள் பார்த்தேயிராத, பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் ஃபேக்டரிக்கும் சேர்த்து நீங்கள் ஜாமீன் போடுகிறீர்கள். அதை அப்படியே கையெழுத்திடாதீர்கள். “இன்னின்ன இடங்களை இவ்வளவு கால இடைவெளியில் பார்த்துவருவோம், பிரச்சினை தெரிந்தால் உடனே சொல்வோம், சேர்ந்து சரிசெய்வோம்” என்று மாற்றிக் கேளுங்கள். அமெரிக்க வக்கீல் சங்கத்தின் குழு ஒன்று 2021இல் வெளியிட்ட மாதிரி ஒப்பந்த வாசகங்கள் இந்தத் திசையில்தான் இருக்கின்றன. பையரின் கடமையையும் அவை பேசுகின்றன. ஷிப்மென்ட்டுக்குப் பத்து நாள் இருக்கும்போது கலரை மாற்றிவிட்டு, தேதியை மாற்ற மாட்டேன் என்று பையர் சொன்னால், அந்த இரவு வேலைக்கு அவரும் பொறுப்பு. 2011இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஏற்ற வழிகாட்டு நெறிகள், கேடு விளைவிப்பவரோடு அதற்குத் துணைபோகிறவரையும் பொறுப்பாளியாகவே வைக்கின்றன. உங்கள் இமெயில்களில் அந்தக் கடைசி நேர மாற்றங்கள் தேதியோடு இருக்கும். எடுத்து வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடிப்பது பற்றி: நான் பையர் தரப்பில் உட்கார்ந்து இந்தப் படிவங்களைப் படித்திருக்கிறேன். 62க்கும் ‘இல்லை’ என்று வரும் படிவத்தைத்தான் முதலில் தனியே எடுத்து வைப்போம். “மேஸ்திரி மூலம் வந்த 31 பேரின் ஆவணங்கள் அவரிடம் இருந்தது தெரிந்து திருப்பிக் கொடுக்கச் செய்தோம், கமிஷன் பிடித்தாரா என்று விசாரித்து வருகிறோம்” என்று ஒருவர் எழுதியிருந்தால், அவருடைய மற்ற பதில்களையும் நம்பத் தோன்றும்.

ஏதாவது கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் இயல்பு. அந்த மில்லிடம் நூல் வாங்குவதை அன்றே நிறுத்திக் கை கழுவிவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் உங்கள் படிவம் சுத்தமாகும், அந்தப் பெண்களின் பாக்கி அங்கேயே நின்றுவிடும். முதலில் அவர்களுடைய பணம், பிறகு கேட், அதற்கும் மில் மசியாவிட்டால்தான் வெளியேறுவது என்பதே நான் சொல்லும் வரிசை. அடித்தல், பாலியல் தொல்லை, பூட்டிவைத்தல் என்றால் இந்த வரிசை பொருந்தாது. அங்கே மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், போலீஸ் மூன்றுக்கும் போக வேண்டும். கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழ் இருந்தால்தான் அவர்களுக்கு அரசின் மறுவாழ்வு உதவி முழுமையாகக் கிடைக்கும்.

என் தொழிலின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். நான் காரில் வந்து இறங்கும் ஆள். முதலாளி அனுப்பிய வக்கீல் என்று வாசலிலேயே தெரிந்துவிடும். தொழிலாளர்கள் என்னிடம் பாதிதான் சொல்வார்கள், ஒடியா பேசுகிறவர் என்னோடு வந்தால் கொஞ்சம் கூடுதலாகச் சொல்வார்கள். மீதியை அவர்கள் தங்கள் சங்கத்திடமும் ஊர்க்காரர்களிடமும்தான் சொல்வார்கள். அதனால் சங்கம் இல்லாத கம்பெனிக்கு நான் எழுதித்தரும் எந்த அறிக்கையையும் அரைகுறை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஃபீஸ் நியாயமா என்று கேட்டீர்கள். உட்கார்ந்த இடத்தில் படிவத்தை நிரப்பித் தருவதற்கென்றால் அந்தத் தொகை அதிகம், கொடுக்காதீர்கள். உங்கள் யூனிட்டுக்கும், ஆட்கள் தங்கியிருக்கும் ரூமுக்கும், மில்லுக்கும் நேரில் வந்து பார்ப்பார் என்றால் அது நியாயமான தொகைதான். அவர் வருவதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. இந்த வாரம் நூல் லோடு எடுக்கப் போகும் வண்டியில் நீங்களும் போங்கள். ஆபீஸில் டீ குடித்து முடித்ததும், விடுதி கேட்டில் இருக்கும் அந்த நோட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். கொடுத்தால் ஒரு மாதத்தைப் புரட்டிப் பாருங்கள். கொடுக்க மறுத்தால், யார் மறுத்தார், என்ன சொல்லி மறுத்தார் என்பதைத் தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டு, அதோடு வக்கீலிடம் போங்கள்.